ஃபென்விக் காரில்தான் வருவான்

ஆஷ்ஃபோர்ட் ஊரில் ஒருவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால், "ஆமா, அவன் ஃபென்விக் கார்லதான் வருவான்" என்பார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு நேரத்தோடு வராவிட்டாலும் இதே பேச்சு. கோடையில் மழை வராவிட்டாலும் இதே பேச்சு. இண்டியானாவின் அந்தச் சோளக்காட்டு ஊரில் பாதிப் பேருக்கு ஃபென்விக் என்று ஒரு மனுஷன் இருந்தார் என்பதே தெரியாது. சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

வெண்டலுக்கு மட்டும் நன்றாகவே தெரியும். அவருடைய அப்பா ஹைரம் ஃபென்விக்தான் அந்த மனுஷன். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார் வெண்டல். பள்ளிக்கூட நாளில் இந்தப் பேச்சுக்காக நாலு பேர் மூக்கை உடைத்திருக்கிறார், தன் மூக்கும் உடைபட்டிருக்கிறது. அப்புறம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். மற்றவன் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது. கடைக்கு ஆணி வந்து சேரவில்லையா? "ஃபென்விக் கார்ல அனுப்பிச்சிருப்பாங்க" என்று அவரே சொல்லிவிடுவார். வெண்டல் தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கினார். உள்ளே எரிந்தது யாருக்குத் தெரியும்?

விஷயம் இதுதான். 1912-இல், குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹைரம், நானும் மோட்டார் கார் செய்கிறேன் பார் என்று கிளம்பினார். அப்போது அது ஒரு பைத்தியம். இண்டியானாவில் தடுக்கி விழுந்தால் ஒரு கார் கம்பெனி. எஞ்சினை ஓரிடத்தில் வாங்கு, அச்சை இன்னோரிடத்தில் வாங்கு, உடம்பை நீயே செய், முகப்பில் உன் பெயரைப் பதி, தீர்ந்தது வேலை. ஹைரம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கத் தட்டினார். ஒரு திங்கட்கிழமை, ஊர் எழுந்திருப்பதற்குள், கூட்டாளி பிடிக்க சிகாகோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தது ரயிலில். கார் எங்கே என்று கேட்டவர்களிடம், "கூட்டாளி கிடைக்கல. வர்ற வழியில ஒருத்தருக்கு வித்துட்டேன்" என்றார்.

யார் நம்புவார்கள்? அந்தக் கார் ஓடி ஒரு கண்ணும் பார்த்ததில்லை. ஓடாத காரை உடைத்து ஆற்றில் போட்டுவிட்டு கதை விடுகிறார் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஹைரம் செத்த அன்று சவ வண்டி வரக் கொஞ்சம் தாமதமானது. பின்வரிசையில் யாரோ ஒருவன் மெல்லச் சொன்னான், "ஃபென்விக் காரா இருக்கும்." பதினெட்டு வயது வெண்டல் அதைக் கேட்டார். இன்றுவரை மறக்கவில்லை.

பார்த்தேன் என்று சொல்ல ஒரே ஒரு ஆள் உண்டு. வெண்டலின் அக்கா ஓலீட்டா. பார்த்தது மட்டுமில்லை, ஏறியே போனேன் என்பாள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிறு. ஊரே சர்ச்சில். ஓய்வு நாளில் சுத்தியலைத் தொட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊர் அது. அதனால்தான் அப்பா அந்த நேரத்தைப் பிடித்தார். தெருவில் மிரளக் குதிரையும் இருக்காது, கோள் சொல்ல ஆளும் இருக்காது. வயிற்று வலி என்று பொய் சொல்லி வீட்டில் படுத்திருந்த ஆறு வயது மகளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். அவளுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. முதல் குலுக்கலிலேயே வழுக்கி விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா வீட்டுக்குள் ஓடினார். கூடத்துக் கணப்பு அடுப்பின் முன்னால், கால் காய வைப்பதற்கென்று ஒரு நிக்கல் கம்பி இருக்குமே, அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். காரின் தரையில் கட்டை கொடுத்து உயர்த்தி முடுக்கினார். "இப்ப வை காலை" என்றார்.

பச்சைக் கார். ஆற்றோரச் சாலை. இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடந்தன. அப்பா சத்தம் போட்டுப் பாடினார், எஞ்சின் அதைவிடச் சத்தம் போட்டது. "அம்மாகிட்ட சொல்லிடாதே, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் அப்பா. அவர் சாகும்வரை அவளும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

வெண்டலும் நம்பவில்லை. அவர் பிறந்தது அடுத்த வருஷம். அடுப்பில் கம்பி இல்லாததைப் பார்த்துப் பார்த்து அக்கா கதை கட்டிக்கொண்டாள் என்பது அவர் எண்ணம். அம்மாவைக் கேட்டால், "உங்கப்பா கழட்டி எங்கேயோ தொலைச்சிட்டார்" என்பாள், அதோடு சரி.

இப்படி இருக்கையில், 1968 வசந்தத்தில், ஊர்ப் பத்திரிகையில் ஒரு துண்டு விளம்பரம் வந்தது. எவரெட் பிளாங்க் என்று ஒருவர். பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். யாரும் கேள்விப்படாத சின்னச் சின்னக் கம்பெனிகளை எல்லாம் தேடித் தொகுத்து ஒரு புத்தகம் போடப்போகிறாராம். ஆஷ்ஃபோர்ட்டில் செய்த ஃபென்விக் காரைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். பத்திரிகைக்காரன் அதை நகைச்சுவைத் துணுக்குக்குப் பக்கத்தில் போட்டிருந்தான்.

காலையில் முடிதிருத்தும் கடை கிளெட்டஸ் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "ஏய் வெண்டல்! உங்கப்பன் காரைத் தேடி ஒருத்தன் கிளம்பிட்டான்டா! ஆத்துல முங்கச் சொல்லு!"

வெண்டல் வழக்கம்போல முதலில் சிரித்தார். கடைக்குள் போனால் தொலைபேசி அடித்தது. அக்கா.

"பேப்பர் பார்த்தியாடா?"

"பார்த்தேன். விட்டுடுக்கா. செத்த பாம்பு அது."

"எழுபது மைல்தானாம் அவர் வீடு. சனிக்கிழமை நீ என்னைக் கூட்டிட்டுப் போற."

"எனக்குக் கடை இருக்கு."

"கடையைச் சாத்து. எனக்கு அறுபத்திரண்டு வயசாச்சு வெண்டல். அந்தக் கார் ஓடினது தெரிஞ்ச கடைசி ஆள் நான். நானும் போயிட்டா அப்பா பொய்யராவே இருந்துட்டுப் போவார். அது உனக்குச் சம்மதமா?"

வெண்டல் சனிக்கிழமை கடையைச் சாத்தினார்.

எவரெட் பிளாங்க் ஒல்லியாக, உயரமாக இருந்தார். வீட்டில் உட்கார இடமில்லை. நாற்காலிகள் மேல் எல்லாம் பழைய மோட்டார் பத்திரிகைகள். "அதைத் தள்ளிட்டு உக்காருங்க. நான் கட்டிக்கிட்டு வந்ததே இந்தக் காகிதத்தைத்தான்" என்றார் அவர் மனைவி ஆர்டித். உருண்டையான, சிரித்த முகக்காரம்மா. வந்தவர்கள் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் பெயரே கேட்டார்.

எவரெட் அக்காவின் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. என் புஸ்தகத்துல ரெண்டு பகுதி. ஒண்ணு, நிஜமா செஞ்ச கார். இன்னொண்ணு காகிதக் கார். அறிவிப்பு மட்டும் வந்திருக்கும், செஞ்சிருக்க மாட்டாங்க. அப்படி நூத்துக்கணக்குல இருக்கு. ஒரு போட்டோ இருக்கா? ஒரு முகப்புத் தகடு? சக்கரத்து மூடி? ஏதாவது ஒரு இரும்பு?"

"நான் ஏறிப் போனேனே!"

"மனுஷங்க சொல்றதை வெச்சு எழுதினேன்னா என் புஸ்தகம் புளுகு மூட்டையா ஆயிடும்மா. நான் ஆளைக் கேக்கிறதில்ல, இரும்பைத்தான் கேப்பேன். ஃபென்விக் காகிதக் கார் பகுதியிலதான் போகும். மன்னிச்சிடுங்க."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. பார்க்கப் பொறுக்கவில்லை வெண்டலுக்கு. 'நான்தான் சொன்னேனே' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அக்காவைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் தானும் இத்தனை வருஷம் நின்றிருக்கிறோம் என்று திடீரென்று உறைத்தது.

ஆறுதலுக்கோ என்னவோ, எவரெட் அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கார் பளபளவென்று நின்றது. ரத்தச் சிவப்பு, இரண்டு பேர் உட்காரும் இருக்கை, பித்தளை விளக்குகள். முகப்பில் ஹார்க்கர் என்று ஒரு தகடு.

"உலகத்துல மிஞ்சியிருக்கிற ஒரே ஹார்க்கர் இதுதான். இல்லினாய்ல ஒரு பண்ணையில மரம் அறுக்கிற மெஷினா நின்னுச்சு. பின்பக்கத்தை வெட்டி, எஞ்சின்ல பட்டை மாட்டி, ரம்பம் ஓட்டிக்கிட்டிருந்தான் அந்த ஆளு. முகப்புத் தகடு இல்ல. எஞ்சினையும் அச்சையும் ஹார்க்கர் விளம்பரத்தோட ஒத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். தகடு நானே வார்த்தது. பழைய கார் கண்காட்சியில மூணு கோப்பை வாங்கியிருக்கா இவ."

"என் சக்களத்தி" என்றார் ஆர்டித் கொட்டகை வாசலில் இருந்து. "பதினேழு வருஷமா குடித்தனம் நடக்குது. எனக்கு ஒரு நாள் இப்படி மெழுகு பூசித் துடைச்சதுண்டா இந்த மனுஷன்?"

அக்கா ஏறி உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். ஏறினாள். கண்ணை மூடினாள். அவளுடைய வலது கால் முன்னால் நீண்டு காற்றில் எதையோ துழாவியது. தரையில் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்து, "நல்ல காரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஆர்டித் பிடித்துக்கொண்டார். செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் சூடாக இருந்தது. அக்கா கை கழுவச் சமையலறைத் தொட்டிக்குப் போனாள். கழுவினாள், துடைக்கத் துண்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துண்டு தொங்கிய கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நிக்கல் பூசிய கனமான கம்பி. இரண்டு முனையிலும் ஓக் இலை வார்ப்பு.

"அக்கா? என்னக்கா?"

"இது... இது எங்கேர்ந்து வந்தது?"

"அதா?" என்றார் ஆர்டித், பலகாரத்தை வெட்டிக்கொண்டே. "சக்களத்தி வயித்துலேர்ந்து எடுத்தது. தரையில முடுக்கி வெச்சிருந்தான் அந்தப் பண்ணைக்காரன். அழகா இருக்கேன்னு நான் துண்டு போட வாங்கிக்கிட்டேன். ஆனா பாருங்க, இவர் மாட்டின லட்சணம். அன்னிலேர்ந்து கோணல்."

"நான் மாட்டினதுல கோணல் இல்லடி" என்றார் எவரெட். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, அந்த மாதிரி அடுப்புக் கம்பி ஆயிரக்கணக்குல வார்த்திருக்காங்க. யார் வீட்டுக் கம்பியோ. பண்ணைக்காரன் சேர்த்தது. அதனாலதான் கழட்டி, கார் தரையில இருந்த ஓட்டையை அடைச்சேன்."

 அக்கா கம்பியை விடவில்லை. அழுகையை அடக்கியதில் தோள் குலுங்கியது.

பேசியது வெண்டல்தான். "கோணல்னீங்களே, எந்தப் பக்கம்?"

"இடது பக்க ஓட்டை இறங்கியிருக்கு. ரெண்டு ஓட்டையும் ஒரே மட்டத்துல இல்ல."

வெண்டல் கம்பியின் அருகே போனார். இரும்புக் கடைக்காரர் சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் இருக்குமா? எடுத்தார். அம்மா உயிரோடு இருந்தபோது, அந்த அடுப்புக்கு ஒரு புதுக் கம்பி வாங்கி மாட்டித் தருகிறேன் என்று தருவித்திருக்கிறார். பொருந்தவில்லை. கம்பியைத் திருகி மாட்டுகிற அடுப்புக் காதுகளில் இடது காது எப்போதோ உடைந்து, அப்பா ஒரு விரல் அகலம் கீழே புது ஓட்டை போட்டிருந்தார், கம்பியிலும் அதற்கேற்றாற்போல். எந்தக் கடைக் கம்பியும் அதற்குச் சேராது என்று அன்றைக்கே எரிச்சலோடு திருப்பி அனுப்பினார். அந்த அளவு அவருக்கு இன்னும் மனப்பாடம்.

அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். அதே ஒரு விரல் அகலம்.

"பிளாங்க் சார், இதைக் கழட்டுங்க" என்றார். "அந்த அடுப்பு என் வீட்டுக் கீழ்த்தளத்துலதான் இருக்கு. பெயிண்ட் டப்பா அடுக்கி வெச்சிருக்கேன். இரும்பைத்தானே கேப்பீங்க? வாங்க, கேப்போம்."

பலகாரத்தை அப்படியே மேசையில் விட்டுவிட்டு நாலு பேரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் அக்கா கம்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வெண்டல் வீட்டுக் கீழ்த்தளத்தில் டப்பாக்களை இறக்கி, அடுப்பைத் துடைத்தார்கள். எவரெட் மண்டியிட்டுக் கம்பியைக் காதுகளில் வைத்தார். இரண்டு திருகும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கின. கோணல் காதில் கோணல் ஓட்டை. கம்பி தரைக்கு மட்டமாக நின்றது.

எவரெட் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அடைப்பு வெக்க ஓட்டையைச் சுரண்டினப்போ பச்சைப் பெயிண்ட் வந்துச்சு" என்றார், தனக்குத்தானே சொல்கிறவர் போல. "ஹார்க்கர் விளம்பரத்துல சிவப்புன்னு இருந்துச்சு. அதனால பச்சையைப் பண்ணைக்காரன் தலையில போட்டேன். எல்லாத்தையும் அவன் தலையில போட்டேன். எஞ்சினும் அச்சும் ஹார்க்கர்காரனும் உங்கப்பாவும் ஒரே இடத்துல வாங்கியிருக்கணும். இரும்பு சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு, நான்தான் காதுல வாங்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே ஹார்க்கர் ஒண்ணுகூட மிச்சமில்லேன்னு எழுதணும்."

அவருக்கு அது எப்படி வலித்திருக்கும்! மூன்று கோப்பை, புத்தகத்துக்கென்று எடுத்துவைத்த முகப்புப் படம், பதினேழு வருஷப் பெருமை. வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆர்டித் அவர் தோளில் கை வைத்தார். "சக்களத்தி பேரை மாத்திக்கிட்டா என்னங்க, வீட்லதானே இருக்கப்போறா" என்றார்.

அக்கா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, காலைத் தூக்கிக் கம்பியில் வைத்துக்கொண்டாள். "பார்த்தியாடா" என்றாள் வெண்டலிடம். அவ்வளவுதான் சொன்னாள். வெண்டல் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அப்பாவைப் பார்த்து ஊர் சிரித்ததற்காக அல்ல. எல்லாருக்கும் முன்னால் தானே சிரித்ததற்காக அழுதார்.

ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஆஷ்ஃபோர்ட்டில் ஊர்வலம். வருஷா வருஷம் நடப்பதுதான். பள்ளிக்கூட மேளம், தீயணைப்பு வண்டி, டிராக்டர்கள், கடைசியில் குதிரைகள். கடைவீதியின் இரு பக்கமும் சனம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. வெண்டல் முடிதிருத்தும் கடைப் படியில் நின்றார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

குதிரைகளும் போய்விட்டன. சனம் நாற்காலியை மடக்க ஆரம்பித்தது.

"என்னடா வெண்டல்" என்றான் கிளெட்டஸ். "உங்கக்கா ஊர்வலத்துல வர்றதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாளே. எங்கே ஆளையே காணோம்?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வெண்டலைத்தான் பார்த்தார்கள். அடுத்து என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும். சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"ஃபென்விக் கார்ல வர்றா" என்றார் வெண்டல்.

சிரித்தார்கள். வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை. அது புதிதாக இருந்ததால் கிளெட்டஸ் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அப்போது சர்ச் மூலையில் டபடபவென்று ஒரு சத்தம் கேட்டது.

பச்சைக் கார். சிவப்பைச் சுரண்டிப் பழைய பச்சையையே பூசி எவரெட் ஓட்டிவந்தார். முகப்பில் தகடு இல்லை, அது இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். ஃபென்விக் தகடு எப்படி இருந்தது என்று தெரியாமல் கற்பனையாக ஒன்றை வார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் எவரெட். பக்கத்தில் அக்கா. ஆறு வயதுப் பிள்ளைக்கு வைத்த கம்பியில் அறுபத்திரண்டு வயதுக் கால்களை வைத்துக்கொண்டு, முழங்கால் முகவாயில் இடிக்க, ராணி மாதிரி வந்தாள். ஒவ்வொரு கடையாகச் சிரிப்பு நின்றது. கிளெட்டஸ் கையில் இருந்த சீப்பு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"அது என்ன காருடா?" என்று மெல்லக் கேட்டான்.

"நீதானே தினமும் சொல்லுவே" என்றார் வெண்டல்.

கார் அவர் முன்னால் வந்து நின்றது. அக்கா சிரமப்பட்டு இறங்கினாள், இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுடா."

"ஐயோ, நான் எதுக்குக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அப்பா உன்னை ஏத்திட்டுப் போகல, நீதான் அப்ப பொறக்கவே இல்லியே. ஏறு."

ஏறினார். உட்கார்ந்தார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். அக்கா குனிந்து, கால்சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, அந்தக் கம்பியைக் காட்டினாள்.

"இப்ப வை காலை" என்றாள்.